மானமிலாப் பன்றியும் பல்லிக்குப் பயந்த பன்றியும்

(காட்சி: விடியற்காலை. கேழ்வரகுக் காடு. வரப்போரம் குச்சிகளில் கட்டிய பழைய சேலைகள் காற்றில் ஆடுகின்றன.)

வணக்கம். நான் நிற்பது கிருஷ்ணகிரி மாவட்டம், அஞ்செட்டிப் பக்கம். பெரியப்பாவின் கேழ்வரகுக் காடு. கார்த்திகை மாதம், கதிர் முற்றியிருக்கிறது. இந்த மூலையைப் பாருங்கள். யாரோ பாய் விரித்துப் படுத்து எழுந்ததுபோலத் தாள் முழுக்கச் சாய்ந்து கிடக்கிறது. ஈர மண்ணில் இரட்டைக் குளம்பு. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு சின்னக் குழி. காட்டுப்பன்னி.

நம் ஊரில் ஒருவரைத் திட்ட வேண்டுமென்றால் முதலில் வாயில் வரும் விலங்குகளில் பன்றியும் ஒன்று. ‘பன்றியோடு சேர்ந்த கன்றும்’ என்று தொடங்கும் பழமொழியை முடித்துச் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும். ஆனால் நம் கவிஞர்கள் இந்த விலங்கை அப்படிப் பார்க்கவில்லை.

(காட்சி: சேறு அப்பிய காட்டுப்பன்றியின் பிடரி, அண்மையில்.)

நற்றிணை, 98ஆம் பாட்டு. பாடியவர் உக்கிரப்பெருவழுதி, பாண்டிய அரசர். ‘எய்ம்முள் அன்ன பரூஉ மயிர் எருத்தின்’ என்று தொடங்குகிறார். எய் என்றால் முள்ளம்பன்றி. அதன் முள்ளைப் போலப் பருத்த மயிர் நிற்கும் பிடரி. அடுத்த அடியில் ‘சிறுகண் பன்றி’. அவ்வளவு பெரிய உடம்புக்கு அந்தக் கண் சின்னதுதான், நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மலைப்புனத்தை மேய வருகிறது அந்தப் பன்றி. பொறி வைத்த குறுகிய வழியில் நுழையப் போகிறது. பக்கத்தில் ஒரு பல்லி சத்தம் போடுகிறது. அவ்வளவுதான். ‘மெல்ல மெல்லப் பிறக்கே பெயர்ந்து’, தன் கல் குகைக்கே திரும்பிப் போய்விடுகிறது. ‘ஓடியது’ என்று எழுதியிருந்தால் பாட்டு செத்திருக்கும். ‘மெல்ல மெல்ல’ என்றதும் ஒவ்வொரு காலாகப் பின்னால் எடுத்து வைப்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு ராஜாவுக்குத் தினைப்புனத்தில் என்ன வேலை என்று எனக்கு ஆச்சரியம்தான்.

இது காதல் பாட்டு. தலைவனும் ராத்திரியில்தான் வருகிறான், அவள் வீட்டுக் காவலர் அசரும் நேரம் பார்த்து. பன்றியாவது பல்லி சொன்னதைக் கேட்டது. தலைவனிடம் யார் சொல்வது?

தொல்காப்பியம் இன்னும் ஒரு படி மேலே. ‘களிறு’ என்றால் நமக்கு ஆண் யானை. ஆண் பன்றியையும் அப்படிச் சொல்லலாம், தடையில்லை என்கிறது மரபியல்: ‘கேழற்கண்ணும் கடிவரை இன்றே.’ கேழல், ஏனம் எல்லாம் பன்றிக்கான பழைய பெயர்கள். புறநானூற்றில் ஒரு புலி, தான் அடித்த கேழல் இடப்பக்கம் விழுந்துவிட்டதென்று அன்றைக்குப் பட்டினி கிடக்கிறது. அங்கே பெருமை புலிக்கு. பன்றி பாவம்.

அப்புறம் ஆண்டாள். எனக்குப் பிடித்த பன்றி இங்கேதான் இருக்கிறது. நாச்சியார் திருமொழியில் வராக அவதாரத்தைச் சொல்கிறாள்:

‘பாசி தூர்த்துக் கிடந்த பார்மகட்குப் பண்டொருநாள்
மாசுடம்பில் நீர்வாரா மானமிலாப் பன்றியாம்’

பாசி பிடித்துக் கிடந்த பூமிமகளுக்காக, அழுக்கு உடம்பில் தண்ணீர் ஒழுக, வெட்கமில்லாத பன்றியாக வந்தானாம். தங்கப் பன்றி, தெய்வீகப் பன்றி என்று மெருகு போடவில்லை. சேற்றை அப்படியே விட்டுவைத்தாள். அடுத்த அடியிலேயே அவனைத் ‘தேசுடைய தேவர்’, ஒளியுடையவர் என்கிறாள். இதில் கொஞ்சம் கோபமும் இருக்கிறது. அவளுக்காக மானத்தை விட்டு இறங்கி வந்தவன், எனக்காக ஏன் வரவில்லை? அப்படித்தான் எனக்குக் கேட்கிறது.

சிவன் பக்கமும் பன்றி உண்டு. தாயை இழந்த குட்டிகளுக்குத் தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுத்த கதை. மாணிக்கவாசகர் அதை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்: ‘ஏனக் குருளைக்கு அருளினை போற்றி.’

(காட்சி: வயலோரம் சாய்ந்து நிற்கும் நடுகல்.)

சரி, நம் ஊருக்கு வருவோம். பக்கத்து மாவட்டமான தருமபுரிதான் பழைய தகடூர், அதியமான் ஊர். அவன் இறந்தபோது, நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டிச் சின்னக் கலத்தில் கள் படைத்தால் வாங்கிக்கொள்வானா என்று ஔவையார் பாடிய மண். இந்த இரண்டு மாவட்டத்திலும் நடுகற்கள் ஏராளம். நிறையக் கற்கள், மாடுகளைக் கவர வந்தபோதும் மீட்கப் போனபோதும் நடந்த சண்டையில் செத்தவர்களுக்கு. பன்றியோடு மோதிச் செத்தவனுக்கும் கல் நட்டிருக்கிறார்கள். ‘பன்றிக்குத்திப் பட்டான் கல்’ என்பார்கள். வீரன் ஆயுதத்தை ஓங்கி நிற்பான், எதிரே பன்றி பாய்ந்து நிற்கும். சிலவற்றில் நாயும் இருக்கும். செத்தவனுக்கு வைத்த கல்லில் கொன்ற பன்றிக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

(காட்சி: மீண்டும் கேழ்வரகுக் காடு. பரணிலிருந்து பெரியவர் இறங்குகிறார்.)

நற்றிணைப் பாட்டைப் பெரியப்பாவிடம் சொன்னேன். பீடி பற்ற வைத்துக்கொண்டே கேட்டார்.

“முந்தாநேத்துதான் உள்ள பூந்து அந்த மூலைய நாசம் பண்ணிட்டான். நேத்தும் வந்தான். வேலியோரம் நின்னு பாத்துட்டு, அப்படியே பின்னால போயிட்டான்.”

“பல்லி சொல்லுச்சா பெரியப்பா?”

“பல்லியாவது ஒண்ணாவது. உங்க பெரியம்மா சேலை ஆடுச்சு.”