6,000 கிலோ நெல்லுக்கு அரிசி எவ்வளவு? முகாமைத்துவப் பட்டதாரிகளிடம் வேலை கொடுப்பவர்கள் தேடுவது

[திரையில்: அரிசி ஆலை முற்றம். நெல் மூட்டைகளோடு ஒரு லொறி தராசில் ஏறி நிற்கிறது.]

குரல்:
வவுனியாவில் ஓர் அரிசி ஆலை. கணக்குப் பகுதிக்கு ஆள் எடுக்கிறார்கள். உங்கள் சான்றிதழ்களைப் பார்த்து முடித்த முதலாளி, ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி இப்படிக் கேட்கிறார் என்று வைப்போம்: “பிள்ளை, அந்த லொறியில 6,000 கிலோ நெல் நிக்குது. ஈரப்பதன் 18. காயவைச்சு 14க்குக் கொண்டுவந்து குத்தினா அரிசி எவ்வளவு வரும்?”

100 கிலோ நெல்லுக்கு 65 கிலோ அரிசி என்று எங்கேயோ கேட்ட ஞாபகத்தில், 3,900 கிலோ என்று பலர் உடனே சொல்லிவிடுவார்கள். அது பிழை. கொஞ்சம் யோசிப்பவர், ஈரப்பதன் 4 வீதம் குறைகிறதுதானே என்று 240 கிலோவைக் கழிப்பார். அதுவும் பிழை.

[திரையில்: கணக்கு வரிவரியாக எழுதப்படுகிறது.]

ஈரம் 18 வீதம் என்றால் தண்ணீர் இல்லாத நெல் 82 வீதம். 6,000 கிலோவில் அது 4,920 கிலோ. காயவைக்கும்போது இந்த 4,920 மாறாது, தண்ணீர் மட்டும்தான் போகும். ஈரம் 14க்கு வந்ததும் இதே 4,920 கிலோ மொத்த நிறையில் 86 வீதம் ஆகிவிடுகிறது. 4,920ஐ 0.86 ஆல் பிரியுங்கள்: ஏறக்குறைய 5,721 கிலோ. அதில் 65 வீதம் 3,719 கிலோ அரிசி. முதலில் சொன்ன 3,900க்கும் இதற்கும் 181 கிலோ வித்தியாசம். அரிசி கிலோ 220 ரூபா என்று வைத்தால், ஒரு லொறியில் மட்டும் 39,820 ரூபா.

விடையைச் சொன்னதோடு நிறுத்தாதீர்கள். “65 வீதம் என்பது நெல் வகையையும் உங்கள் ஆலையையும் பொறுத்தது. போன மாதம் உங்களுக்கு எத்தனை வந்தது?” என்று திருப்பிக் கேளுங்கள். அந்தக் கேள்விக்குத்தான் அவர் காத்திருக்கிறார். இலக்கத்துக்குப் பின்னால் மூட்டையும் முற்றமும் வெயிலும் இருப்பதை இவர் காண்கிறார் என்று அப்போது அவருக்குத் தெரிந்துவிடும். வங்கி, லீசிங் கம்பனி, ஆடைத் தொழிற்சாலை, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், தொண்டு நிறுவனம் என்று வன்னியில் எங்கே விண்ணப்பித்தாலும் பார்க்கப்படுவது இதுதான்: ஒரு வேலையை இவரிடம் நம்பிக் கொடுத்துவிட்டு நாம் வேறு வேலை பார்க்கலாமா?

[திரையில்: சம்பளச் சீட்டு ஒன்று பெரிதாக.]

குரல்:
அடுத்தது சம்பளக் கணக்கு. சேமலாப நிதிக்கு உட்படும் சம்பளம் 50,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) ஊழியரிடம் 8 வீதம், 4,000 ரூபா கழிக்க வேண்டும். நிறுவனம் தன் பங்காக 12 வீதம், 6,000 ரூபா போடும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) 3 வீதம், 1,500 ரூபா. இங்கேதான் புதியவர்கள் வழுக்குவது. நம்பிக்கை நிதியை முழுவதும் நிறுவனம்தான் கட்ட வேண்டும், ஊழியரின் சம்பளத்தில் ஒரு சதமும் கை வைக்கக் கூடாது. வேறு கழிவு இல்லாவிட்டால் ஊழியர் கையில் 46,000. நிறுவனத்துக்குச் செலவு 57,500. மேலதிக நேரக் கொடுப்பனவைச் சேமலாப நிதிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பெறுமதி சேர் வரியிலும் இதே மாதிரி ஒரு பொறி உண்டு. வரியோடு சேர்த்து விலை 11,800 ரூபா, வரி 18 வீதம். 11,800இல் 18 வீதம் எடுத்தால் 2,124 வரும், அது பிழை. 118 ஆல் பிரித்து 18 ஆல் பெருக்குங்கள், 1,800 வரும்.

[திரையில்: எக்செல் தாள். ஒரே வாடிக்கையாளரின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது.]

குரல்:
எக்செல் தெரியும் என்று எல்லாருடைய சுயவிபரக் கோவையிலும் இருக்கிறது. ஆகவே ஒரு கோப்பைத் திறந்து தந்து, “இதைத் துப்புரவாக்கித் தாங்கோ” என்று சொல்லிப் பார்க்கும் இடங்களும் உண்டு. இதில் சற்று நின்று பார்ப்போம், ஏனென்றால் கைவேலை தெரிந்தவர் இங்கேதான் தனித்துத் தெரிவார்.

எங்கள் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். சிவகுமார் என்ற ஒரே ஆள் மூன்று கிளைகளில் மூன்று விதமாகப் பதிவாகியிருப்பார். பெயரை வைத்துத் தேடினால் மூன்று ஆட்கள், மூன்று கடன். அதனால் தேசிய அடையாள அட்டை இலக்கத்தை வைத்துத் தேடுங்கள். அதிலும் ஒரு சிக்கல்: பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் 12 இலக்கம். பழையதைப் புதியதாக்க, முன்னால் 19 போட்டு, பழைய இலக்கத்தின் முதல் ஐந்துக்குப் பின் ஒரு 0 சேர்த்து, கடைசி எழுத்தை விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் தேடும் சூத்திரம் வேலை செய்யும்.

தொலைபேசி இலக்கத்தை எண்ணாகப் பதிந்தால் முதல் 0 காணாமல் போகும். எழுதுவதற்கு முன் அந்த நிரலை ‘உரை’ வடிவுக்கு மாற்றுங்கள். 05/03 என்பது மார்ச் 5ஆ, மே 3ஆ என்பதைக் கணினி தன் அமைப்பைப் பார்த்துத் தீர்மானிக்கும். திகதி நிரலில் மாதம் வர வேண்டிய இடத்தில் 12ஐத் தாண்டிய இலக்கம் உள்ள வரிகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். மூலக் கோப்பில் கை வைக்காமல் ஒரு பிரதி எடுத்து அதில் வேலை செய்யுங்கள். என்ன மாற்றினீர்கள் என்பதை இன்னொரு தாளில் மூன்று வரியில் எழுதி வையுங்கள். அந்த மூன்று வரியை எழுதும் பழக்கம் உள்ளவரை எந்த மேலாளரும் விடமாட்டார்.

[திரையில்: காசேடும் வங்கிக் கூற்றும் பக்கத்துப் பக்கத்தில்.]

குரல்:
காசேட்டையும் வங்கிக் கூற்றையும் ஒப்பிட்டு வித்தியாசத்தை விளக்கும் வங்கி இணக்கக் கூற்றைப் பரீட்சையில் எல்லாரும் செய்திருப்பீர்கள். உண்மைக் கணக்கில் வித்தியாசம் வந்தால் எங்கே தேடுவது? வித்தியாசம் 9 ஆல் மீதியின்றிப் பிரிபட்டால் இலக்கம் இடம்மாறியிருக்கிறதா என்று பாருங்கள். 5,400ஐ 4,500 என்று எழுதினால் வித்தியாசம் 900. அப்படியில்லாவிட்டால் வித்தியாசத்தில் பாதித் தொகையைத் தேடுங்கள், வரவைச் செலவுப் பக்கம் போட்டிருக்கலாம். பிறகு வங்கி தானாகக் கழித்த கட்டணங்கள்.

[திரையில்: வயல். அறுவடை இயந்திரம் ஓடுகிறது.]

குரல்:
கடன் அறவிடும் வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். 30 நாள், 60 நாள், 90 நாள் என்று பிந்திய கடன்களைப் பிரிக்கப் படித்திருப்பீர்கள். வன்னியில் அந்த அட்டவணையைப் போகத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் விதைத்து உரத்துக்குக் கடன்பட்ட விவசாயியின் கையில், பெரும்போக அறுவடை முடியும் மாசி, பங்குனியில்தான் காசு புரளும். தை மாதத்தில் 60 நாள் என்று காட்டும் அவருடைய கணக்கும், நாளாந்தம் வியாபாரம் நடக்கும் ஒரு கடையின் 60 நாள் கணக்கும் ஒன்றல்ல. கடைக்காரரிடம் இன்றே பேச வேண்டும். விவசாயியிடம் அறுவடைத் திகதியைக் கேட்டு எழுத வேண்டும்.

பேசும்போது மூன்று விடயம் போதும்: விலைச்சிட்டைத் திகதி, தொகை, எப்போது தருவார். “அண்ணை, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கோ” என்று சொல்லி வைத்தால் அவரும் “பார்ப்பம் தம்பி” என்று வைத்துவிடுவார். அவர் சொன்ன திகதியைக் குறித்து, அந்தத் திகதிக்கு முதல் நாள் மறுபடி தொலைபேசி எடுங்கள்.

[திரையில்: ஒரு மின்னஞ்சல், நான்கே வரி.]

குரல்:
கிளை இங்கே இருந்தாலும் தலைமை அலுவலகம் பெரும்பாலும் கொழும்பில். அங்கே எழுதுவது ஆங்கிலத்தில், தொலைபேசியில் பேசுவது பல நேரம் சிங்களத்தில். இலக்கியத் தரம் தேவையில்லை. நடந்தது என்ன, எவ்வளவு, என்ன வேண்டும், எப்போதைக்கு. இப்படி:

“மாங்குளம் கிளைக்கு நேற்று அனுப்பிய 40 மூட்டைகளில் 37 மட்டுமே இறங்கின. ஓட்டுநரும் களஞ்சியப் பொறுப்பாளரும் கையொப்பமிட்ட சீட்டை இணைத்திருக்கிறேன். மீதி 3 மூட்டைகளை அனுப்புவதா, விலைச்சிட்டையில் குறைப்பதா என்று நாளை மதியம் 12 மணிக்கு முன் தெரிவியுங்கள்.”

வணக்கமும் விசாரிப்பும் ஒரு வரிக்கு மேல் வேண்டாம். சிங்களத்தில் எண்கள், கிழமை நாட்கள், ‘எத்தனை’, ‘எப்போது’, ‘இன்னும் வரவில்லை’ ஆகியவற்றையாவது தடுமாறாமல் சொல்லப் பழகுங்கள். தம்புள்ளையிலிருந்து மரக்கறி எடுக்கும் கடைக்கும் அது தேவை.

இருப்பு எடுக்கும் வேலைக்கு ஒரே ஒரு விதி: எண்ணி முடியும்வரை உள்ளே இறக்கவும் வேண்டாம், வெளியே ஏற்றவும் வேண்டாம். எண்ணும் ஆளிடம் புத்தகத்திலுள்ள இலக்கத்தைக் காட்டவும் வேண்டாம்.

[திரையில்: ஒரு மாணவி மளிகைக் கடை மேசையில் பற்றுச்சீட்டுகளை அடுக்குகிறார்.]

குரல்:
பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இவற்றைப் பழக நல்ல இடம், தெரிந்த ஒருவரின் கடை. மாமாவின் கடையாக இருக்கலாம், ஊர்க் கூட்டுறவுச் சங்கமாக இருக்கலாம். ஒரு மாதத்துப் பற்றுச்சீட்டுகளைக் கேட்டு வாங்கி, காசேடு எழுதி, வங்கிக் கூற்றோடு இணக்கி, எந்தப் பொருளில் எவ்வளவு இலாபம் நின்றது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். 80 ரூபாவுக்கு வாங்கி 100க்கு விற்றால் விற்பனையில் 20 வீதம், வாங்கிய விலையில் 25 வீதம். எதைச் சொல்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

பெயர்களை மறைத்து அந்த ஒரு பக்கத்தை நேர்முகப் பரீட்சைக்கு எடுத்துச் செல்லுங்கள். சுயவிபரக் கோவையில் ‘தலைமைத்துவப் பண்பு உண்டு’ என்ற வரியை எடுத்துவிட்டு, ‘ஒரு சில்லறைக் கடையின் ஒரு மாதக் கணக்கை வங்கியோடு இணக்கினேன்’ என்று எழுதுங்கள். உங்களைப் பற்றி விசாரிப்பதற்காக உறவினரல்லாத இருவரின் பெயரைக் கொடுப்பதற்கு முன் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் தந்த தொலைபேசி இலக்கத்துக்கு நீங்களே ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.