ஆகன் முதல் ஹாம் வரை: ஜெர்மனியில் ஒரு மாணவரின் அன்றாடமும் பயணமும்

(மேற்படிப்புக்காக ஜெர்மனி செல்லவிருக்கும் பொறியியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த அரங்கில் இருப்பவர்களில் பலர் இன்னும் சில மாதங்களில் விமானம் ஏறவிருக்கிறீர்கள். நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் பற்றியும், விசா நேர்காணல் பற்றியும், 'பிளாக்டு அக்கவுன்ட்' என்று நீங்கள் சொல்லும் வங்கிக் கணக்கில் ஓராண்டுச் செலவுக்காக முன்கூட்டியே செலுத்திக் காட்ட வேண்டிய 11,904 யூரோ பற்றியும் உங்களுக்குச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நான் பேச வந்திருப்பது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, விரிவுரை அரங்குக்கு வெளியே கழியும் காலத்தில் ஒரு மாணவர் எப்படி வாழ்கிறார், எங்கெல்லாம் போகிறார் என்பதுதான் என் பொருள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாரிசையும் ரோமையும் பார்ப்பதற்கு முன், குடியிருக்கும் ஊரையும் அதைச் சுற்றியுள்ள இருநூறு கிலோமீட்டரையும் அறிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டுப் படிப்பின் பாதிப் பயன் அங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நான் படித்த ஊர் ஆகன். ஜெர்மனியின் மேற்கு எல்லையில், பெல்ஜியமும் நெதர்லாந்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, 1870இல் தொடங்கிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்திருக்கும் ஊர் அது. நகரின் நடுவே, ஆங்கிலத்தில் சார்லமேன் எனப்படும் பேரரசர் கார்ல் கட்டுவித்த எண்கோண வடிவத் தேவாலயம் நிற்கிறது. 814இல் மறைந்த அவர் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். 936 முதல் 1531 வரை ஜெர்மானிய மன்னர்கள் முப்பத்தொருவர் அங்கே முடிசூடினார்கள். வெந்நீர் ஊற்றுகளின் கந்தக நெடி வீசும் தெரு வழியாக மாணவர்கள் சைக்கிளில் வகுப்புக்குப் போவார்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழமையையும் ஆய்வுக்கூடத்தையும் ஒரே தெருவில் வைத்துக்கொண்டு இயல்பாக வாழும் ஊர் ஒரு மாணவருக்குப் பெரும்பேறு.

முதலில் படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்து மணி வகுப்பு பத்தே காலுக்குத் தொடங்கும். விரிவுரை முடிந்ததும் மாணவர்கள் கைதட்டுவதில்லை, மேசையை விரல் முட்டியால் தட்டுவார்கள். பெரும்பாலான பாடங்களில் வருகைப் பதிவு கிடையாது. இண்டர்னல் மதிப்பெண் என்று ஏதும் பெரிதாக இராது; பருவத்தின் முடிவில் வரும் ஒரே தேர்வு அனைத்தையும் தீர்மானிக்கும். அந்தத் தேர்வுக்கு நாமே உரிய நாளுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். தவறினால் எழுத முடியாது. 1.0 என்பது சிறந்த தரம், 4.0 என்பது தேர்ச்சியின் எல்லை, 5.0 என்றால் தோல்வி. பல பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்தை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாம் முறையும் தவறினால் அந்தப் படிப்பையே அந்நாட்டில் தொடர முடியாத நிலை வரக்கூடும். இங்கே தொண்ணூறு விழுக்காடு வாங்கிய மாணவர்கள் முதல் பருவத்தில் தடுமாறுவதற்கு அறிவுக் குறைவு காரணமன்று. யாரும் விரட்டாத சூழலில் தாமே தம்மை நடத்திச் செல்லும் பழக்கத்தை நம் கல்லூரிகள் அவர்களுக்குத் தராததே காரணம். பெற்றோர்களும் இதைப் புரிந்துகொண்டு, முதல் பருவ மதிப்பெண்ணைக் கேட்டு மனம் உடையாமல் இருக்க வேண்டுகிறேன்.

அன்றாட வாழ்க்கையின் மையம் சமையலறை. மாணவர் விடுதியில் ஒரு தளத்துக்கு ஒரு சமையலறை இருக்கும். சுவரில் யார் எந்த வாரம் துடைக்க வேண்டும் என்ற அட்டவணை ஒட்டியிருக்கும். அந்த அட்டவணையில் உங்கள் பெயர் வரும் வாரத்தில் அடுப்பின் மேலுள்ள எண்ணெய்ப் பிசுக்கை நீங்கள் துடைக்காவிட்டால், உடன் வசிப்பவர் அதை உங்கள் முகத்துக்கு நேரே, கோபமில்லாமல், தெளிவாகச் சொல்வார். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நேரில் சொல்லி முடித்துவிடுவது அங்கே மரியாதை. கடுகு தாளிக்கும்போது கூரையிலுள்ள புகை எச்சரிக்கைக் கருவி அலறும் என்பதால் முதலில் சன்னலைத் திறக்க வேண்டும். குளிர்காலத்தில் இட்லி மாவு இரண்டு நாளானாலும் பொங்காது. அறையின் ஹீட்டர் மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டு, மாவுப் பாத்திரத்தை அதன்மேல் வைத்து, இரவெல்லாம் விட்டுவிட்டால் காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நுரைத்து நிற்கும். நான் இருந்த தளத்தில் ஒரு போலந்து மாணவர் அந்தப் பாத்திரத்தை அளவுகோலுடன் வந்து பார்த்து, எத்தனை மணிக்கு எவ்வளவு உயர்ந்தது என்று குறித்துக்கொண்டார். அவர் நொதித்தல் பற்றி ஆய்வு செய்பவர். பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து உண்டோம். அவர் தம் ஊரின் புளித்த முட்டைக்கோசைக் கொண்டுவந்தார்.

குப்பை பிரிப்பதும் ஒரு கல்விதான். காகிதத்துக்கு ஒரு தொட்டி, பொருள்களைப் பொதிந்து வரும் உறைகளுக்கு மஞ்சள் தொட்டி, காய்கறிக் கழிவுக்கு ஒன்று, எஞ்சியவற்றுக்கு ஒன்று. கண்ணாடிப் புட்டிகளை நிறவாரியாகத் தெருமுனைத் தொட்டியில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடக் கூடாது, உடையும் ஓசை அயலாரின் ஓய்வைக் கெடுக்கும். பெரும்பாலான பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளின் விலையில் 25 சென்ட் வைப்புத்தொகை அடங்கியிருக்கிறது. கடையிலுள்ள இயந்திரத்தில் புட்டியைத் திருப்பிப் போட்டால் அந்தத் தொகைக்குரிய சீட்டு வரும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதைச் சனிக்கிழமை மாலையிலேயே நினைவில் கொள்ள வேண்டும். வீடு கிடைத்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்வது சட்டம். பதிவு செய்த சில வாரங்களில் பொது வானொலி, தொலைக்காட்சிக்கான ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும்; மாதம் 18.36 யூரோ. அதை விளம்பரம் என்று நினைத்துத் தூக்கி எறிந்த மாணவர்கள் பலரை எனக்குத் தெரியும். அது ஆளுக்கு ஒன்றன்று, வீட்டுக்கு ஒன்று. பலர் சேர்ந்து ஒரே வீட்டில் குடியிருந்தால் பங்கிட்டுக் கொள்ளலாம்.

ஒரு செய்தியை மட்டும் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். திசம்பரில் ஆகனில் சூரியன் எட்டரை மணிக்கு எழுந்து நாலரைக்கெல்லாம் மறைந்துவிடும். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்பும் நாள்கள் தொடர்ச்சியாக வரும்போது, ஊர் நினைவும் தேர்வு அச்சமும் சேர்ந்து, நம் பிள்ளைகள் அறைக்குள் சுருண்டுகொள்கிறார்கள். தமிழ் நண்பர்கள் நால்வர் ஒரே அறையில் கூடிச் சமைத்து, படம் பார்த்து, வெளியே ஒரு வார்த்தை பேசாமல் ஆறு மாதம் கடத்திவிடுவதும் உண்டு. அந்த நட்பை நான் குறை சொல்லவில்லை. காய்ச்சலில் கிடக்கும்போது ரசம் வைத்துக் கொடுப்பவர்கள் அவர்கள்தாம். ஆனால் அந்த அறையின் கதவை வாரத்துக்கு ஒருமுறையாவது திறந்து வெளியே அனுப்பும் ஏதாவது ஒன்று வேண்டும். எனக்கு அது மாணவர் பயணச்சீட்டாக அமைந்தது.

பருவக் கட்டணத்தோடு சேர்த்தே அந்தச் சீட்டுக்கும் பணம் பிடித்துவிடுவார்கள். சைக்கிளில் போகிறவர், பெற்றோர் வீட்டிலேயே இருப்பவர், ரயிலே ஏறாதவர் என்று எல்லோரும் கட்டுவதால் ஒவ்வொருவருக்கும் அது மலிவாகக் கிடைக்கிறது. நான் படித்த காலத்தில் அது ஆகன் அமைந்துள்ள நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்துக்குள் மட்டும் செல்லும். 2023 மே மாதம் நாடு முழுவதற்குமான மாதச்சீட்டு 49 யூரோவுக்கு அறிமுகமானது. 2026 சனவரி முதல் அதன் விலை 63 யூரோ. 2024 முதல் பல பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் அதை அறுபது விழுக்காட்டு விலையில் பெறுகிறார்கள். அதிவேக ஐ.சி.இ. ரயில்களில் இந்தச் சீட்டு செல்லாது. ஊர் ஊராக நிற்கும் வட்டார ரயில்களில்தான் செல்லும். இதைக் குறையாகக் கருதுபவர்கள் உண்டு. மெதுவாகப் போகும் ரயிலில்தான் அந்நாட்டு மக்களோடு உட்கார முடிகிறது என்பதால் நான் இதை ஒரு வாய்ப்பாகவே கருதுகிறேன். ரயில்கள் நேரம் தவறாதவை என்ற எண்ணத்தோடு மட்டும் போகாதீர்கள். தாமதம் அன்றாடம் நிகழ்வது. தேர்வு நாளில் ஒரு ரயில் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.

ரயில் ஏறுவதற்கு முன்பே, நடந்தே சென்று பார்க்கத்தக்க ஓரிடம் ஆகனில் உண்டு. நகரின் மேற்கே காட்டுக்குள் ஏறினால் 322 மீட்டர் உயரக் குன்றின்மேல் மூன்று நாடுகள் சந்திக்கும் இடம் வரும். காவலர் இல்லை, கம்பிவேலி இல்லை. ஒரு கல் நட்டிருக்கிறது, அவ்வளவே. ஆனால் அந்த இடத்தில் ஒரு காலத்தில் நான்கு ஆட்சிப் பகுதிகள் சந்தித்தன. நெப்போலியன் வீழ்ந்த பிறகு எல்லை வகுத்தவர்களால், அருகிலிருந்த துத்தநாகச் சுரங்கம் யாருக்கு என்பதில் உடன்பாடு காண முடியவில்லை. ஆகவே 1816இல் அந்தச் சுரங்கத்தையும் அதைச் சுற்றிய சிறு நிலத்தையும் பிரஷ்யாவும் நெதர்லாந்தும் கூட்டாக ஆளும் நடுநிலை நிலமாக விட்டார்கள். மோரெஸ்னே என்ற அந்தத் துண்டு நிலம் முதல் உலகப்போருக்குப் பின் 1920இல் பெல்ஜியத்தோடு இணைந்தது. ஒரு கனிமத்துக்காக ஒரு நாடே வரையப்பட்டதை நின்று பார்க்கும் இடம் அது. பொறியியல் படிப்பவர் எவரும் தவறவிடக் கூடாது.

இனி ரயிலுக்கு வருகிறேன். ஆகனிலிருந்து ஆர்.இ.1 என்ற வட்டார ரயில் கொலோன், டியூசல்டோர்ஃப், எஸன், டோர்ட்மண்ட் வழியாக ஹாம் நகர் வரை செல்கிறது. தாமதம் இல்லையென்றால் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். இந்த ஒரே தடத்தில் ஒரு மாணவர் ஈராண்டு கற்கலாம். கொலோனுக்கு முன்பே, பாதையின் வடக்கே, ஹாம்பாக் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் ஏறத்தாழ 400 மீட்டர் ஆழத்துக்குக் கிடக்கிறது. எல்ஸ்டோர்ஃப் ஊரின் விளிம்பிலுள்ள பார்வை மேடையில் நின்றால், நெய்வேலியில் நாம் காணும் அதே வகைச் சக்கர வாளி இயந்திரங்கள் கீழே பொம்மைகளாகத் தெரியும். நெய்வேலியிலிருந்து வந்த மாணவர் ஒருவரோடு அங்கே போயிருந்தேன். நிலம் கொடுத்து இடம்பெயர்ந்த ஊர்களைப் பற்றி அங்கிருந்த முதியவர் ஒருவர் சொல்லக் கேட்டதும், அந்த மாணவர் தம் தாத்தாவின் ஊரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

கொலோனில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் 157 மீட்டர் உயரப் பேராலயம் நேர் எதிரே நிற்கும். 1248இல் தொடங்கி 1880இல் முடிந்த கட்டடம் அது. 533 படி ஏறித் தெற்குக் கோபுரத்துக்குப் போகலாம். அதே நகரின் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் தமிழ் கற்பிக்கப்பட்டது. எஸனில் 1986இல் மூடப்பட்ட சோல்ஃபராய்ன் நிலக்கரிச் சுரங்கம் 2001இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. நிலையத்திலிருந்து 107ஆம் எண் டிராம் வாசலில் இறக்கிவிடும். முன்னர் அங்கே வேலை பார்த்தவர்கள் வழிகாட்டியாக வந்தால், இயந்திரத்தின் இரைச்சலில் எப்படிச் சைகையால் பேசிக்கொண்டார்கள் என்று கேளுங்கள்.

தடத்தின் முடிவு ஹாம். அங்கிருந்து பேருந்தில் உவெண்ட்ரோப் பகுதிக்குப் போனால், தொழிற்சாலைகளுக்கு நடுவே காமாட்சி அம்பாள் ஆலயத்தின் ராஜகோபுரம் தெரியும். 1980களில் போருக்கு அஞ்சி அகதிகளாக வந்த இலங்கைத் தமிழர்களின் உழைப்பில் எழுந்து, 2002இல் குடமுழுக்குக் கண்ட கோயில் அது. கோடைத் தொடக்கத்தில் வரும் திருவிழாவில் தேர் தொழிற்பேட்டைச் சாலையில் ஓடும். அருகிலுள்ள கால்வாயில் தீர்த்தம் நடக்கும். அன்னதானப் பந்தியில் என்னருகே அமர்ந்த அம்மையார், "தம்பி, இந்தியாவிலை எவடம்?" என்று கேட்டார்கள். நான் சொன்னதும், தாம் வந்த புதிதில் அடுத்த ஊருக்குப் போகவும் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டியிருந்ததைச் சொன்னார்கள். அகதி விண்ணப்பதாரர்களுக்கு ஒதுக்கப்பட்ட வட்டாரத்தை விட்டு நகரக் கூடாது என்ற விதி அப்போது இருந்தது. மாநிலம் முழுதும் செல்லும் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான் அதைக் கேட்டேன். நம்மைப் போலப் படிக்க வந்தவர்களுக்கும், உயிர் பிழைக்க வந்தவர்களுக்கும் உள்ள வேறுபாட்டை எந்த வகுப்பும் எனக்கு அவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

தொலைதூரப் பயணம் வேண்டாம் என்பதன்று என் பேச்சு. உங்கள் குடியிருப்பு அனுமதி அட்டையோடு, பொது விசா உடன்பாட்டிலுள்ள மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். கடவுச்சீட்டையும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். பகுதி நேர வேலைக்கு ஆண்டுக்கு 140 முழு நாள் என்ற வரம்பு உண்டு; அதில் சேமிக்கும் பணத்தில் வியன்னாவோ பாரிசோ போய் வாருங்கள். ஐந்து நாளில் ஐந்து தலைநகரம் என்று ஓடுவதைவிட, ஓரூரில் ஐந்து நாள் தங்குவதே நல்லது. அக்டோபரில் சேரும் மாணவர்களுக்குத் தேர்வுகள் பிப்ரவரி, மார்ச்சில் வரும். ஆகவே முதல் சில வார இறுதிகளை அருகிலுள்ள ஊர்களுக்கு ஒதுக்குங்கள், பகல் வெளிச்சம் அப்போதுதான் மிச்சம் இருக்கும்.

விடுதி, காப்பீடு, பயணச்சீட்டு பற்றி ஐயம் உள்ளவர்கள் இப்போது கேட்கலாம். பெற்றோர்களின் கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நன்றி.