யாருக்கும் வேண்டாத தெருமுக்கு: மும்பை ஈரானி கஃபேக்களின் கதை

(திரையில்: இரண்டு தெருக்கள் சந்திக்கும் முக்கு. இரண்டு பக்கமும் வாசல் வைத்த பழைய கடை.)

வீட்டுக்குத் தெருக்குத்து இருந்தால் நம் ஊரில் என்ன செய்வார்கள்? சுவரில் ஒரு பிள்ளையாரை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். பழைய பம்பாயிலும் இப்படி ஒரு பயம் இருந்தது. தெருமுக்குக் கடை ராசியில்லை என்று இந்து வியாபாரிகள் ஒதுங்கிப் போனதாகச் சொல்வார்கள். அங்கே பிள்ளையார் வரவில்லை. ஈரான்காரர் வந்தார், டீ கெட்டிலோடு.

வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன், ஓட்டிவிடாதீர்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஈரானின் யஸ்து, கெர்மான் பகுதிகளிலிருந்து, அந்நாட்டின் பழைய மதத்தைப் பின்பற்றிய ஜொராஸ்திரியர்கள் பம்பாய்க்கு வந்தார்கள். வறுமை, மத ஒடுக்குமுறை, 1870களின் தொடக்கத்தில் வந்த கொடும் பஞ்சம் எல்லாம் சேர்ந்து துரத்தியது. இதே மதத்தைச் சேர்ந்த பார்சிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே குஜராத்துக்கு வந்துவிட்டவர்கள். அதனால் புதிதாக வந்தவர்களுக்கு ‘ஈரானி’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவர்கள் திறந்த கஃபேக்களில் சில: கயானி 1904, மெர்வான் 1914, பிரிட்டானியா 1923. சரி, பாடம் முடிந்தது.

(திரையில்: கல்லா, அதன் பின்னால் முதலாளி, சுற்றிலும் ஆளுயரக் கண்ணாடிகள்.)

இப்போது கடைக்குள் வாருங்கள். முக்கு என்பதால் இரண்டு தெருக் கூட்டமும் உள்ளே வரும், காற்றும் வெளிச்சமும் இலவசம். சுவர் முழுக்கக் கண்ணாடி. அழகுக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் குடும்பமாக நடத்தும் கடையில் மேற்பார்வைக்குத் தனி ஆள் போட முடியுமா? முதலாளி கல்லாவை விட்டு எழுந்திருக்காமலே எந்த மேஜையில் டீ காலி, யார் காசு கொடுக்காமல் நழுவுகிறார் என்று பார்த்துவிடலாம். என்னைக் கேட்டால், சிசிடிவிக்கு முந்தைய சிசிடிவி அதுதான். ஒரே தொல்லை, கண்ணாடியைக் கண்டால் நம்மவர் கை சீப்பைத் தேடும். அதனால்தானோ என்னவோ, ‘தலை சீவக்கூடாது’ என்று போர்டு வைத்த கடைகளும் இருந்தன!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்ன சாதி, என்ன மதம் என்று கேட்காமல் யாருக்கும் மேஜை தந்த இடங்கள் இவை. நம் பக்கம் ஓட்டல் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை அழிக்க 1957இல்கூட சென்னையில் பெரியார் போராட வேண்டியிருந்தது.

(திரையில்: வளைந்த முதுகு, பிரம்பு பின்னிய இருக்கை. நாற்காலி மெதுவாகச் சுழல்கிறது.)

நான் இந்த வீடியோ எடுக்கவே காரணம் ஈரானி கஃபேக்களில் இருக்கும் இந்த நாற்காலிதான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதன் மூதாதை 1859இல் பிறந்தது. மிக்கேல் தோனெட் என்ற தச்சர், வியன்னாவைத் தலைமையிடமாகக் கொண்டு தொழில் செய்தவர். பீச் (beech) மரக் கம்பை நீராவியில் வேகவைத்து, இளகியதும் இரும்பு அச்சில் வளைத்து, அப்படியே காயவிட்டார். அதில் பிறந்ததுதான் ‘14ஆம் எண் நாற்காலி’. மொத்தமே 6 மரத்துண்டு, 10 திருகாணி, 2 நட்டு. பிரித்துப் போட்டால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி அடங்கும்! பெட்டியாகக் கப்பலில் ஏற்றி, போய்ச் சேரும் ஊரில் முடுக்கிக்கொள்ளலாம். பிரித்து அனுப்பும் ஃபர்னிச்சர் ஏதோ நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்களுக்கு இதை அனுப்பி வையுங்கள்.

பிரம்பு இருக்கையிலும் ஒரு சூட்சுமம். யாராவது டீயைக் கொட்டினால் தேங்காது, பின்னலின் ஓட்டை வழியே ஒழுகிவிடும். பம்பாய் வெயிலில் முதுகும் தொடையும் வேகாமல் காற்று போகும். 1930க்குள் உலகெங்கும் சுமார் 5 கோடி விற்றதாகக் கணக்கு. ஈரானி கஃபேக்களில் இருப்பதெல்லாம் அவர் தொழிற்சாலையில் செய்தது என்று சொல்லவில்லை. 1869இல் காப்புரிமை போனதும் ஆளாளுக்குச் செய்ய ஆரம்பித்தார்கள். வம்சம் அதே வம்சம்.

(திரையில்: சோற்றின் மேல் சிவப்பு மணிகள்.)

ஒரு குடும்பத்தையாவது பார்த்துவிடுவோம். தென் மும்பையின் பல்லார்ட் எஸ்டேட்டில் ராஷித் கோஹினூர் தொடங்கியது பிரிட்டானியா. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு ஐரோப்பியச் சாப்பாடு போட்ட இடம். அதைப் புகழ்பெற வைத்ததோ மருமகள் பச்சன். ஈரானில் பழகிய செரெஷ்க் பழச் சோற்றில் இந்திய மசாலாவை இறக்கி பெர்ரி புலாவ் ஆக்கினார். புளிக்கும் அந்தக் குட்டிப் பழம் ஈரானிலிருந்தே வரும். அவர் கணவர் போமன் கோஹினூர் மேஜை மேஜையாகப் போய் எலிசபெத் ராணியைப் பற்றிப் பேசுவார். 2016இல் இளவரசர் வில்லியமையும் கேட்டையும் சந்தித்தேவிட்டார். 2019இல் 97 வயதில் காலமானார்.

இன்று இத்தகைய கடைகள் சொற்பம். பாகப்பிரிவினை, உடுப்பி ஓட்டல்களின் போட்டி, அப்புறம் அந்த முக்கு. ராசியில்லை என்று விட்ட மனைக்கு இன்று பொன் விலை. இங்கே சோக இசை போடுவது வழக்கம், நான் போடமாட்டேன். விடிவதற்கு முன் அடுப்பு மூட்டிப் படிக்க வைத்த பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனால் அதில் அழ என்ன இருக்கிறது? அப்பாவின் திட்டமே அதுவாக இருந்திருக்கலாம்.

மாட்டுங்கா உடுப்பி ஓட்டல்களுக்குத் தனி வீடியோ வேண்டுமா? மும்பைத் தமிழர்கள் கமெண்டில் சொல்லுங்கள். உங்கள் ஊர்ப் பழைய கடையில் வளைமர நாற்காலி கண்ணில் பட்டால், கவிழ்த்து இருக்கை வளையத்தின் உள்பக்கம் பாருங்கள். செய்தவர் முத்திரையோ லேபிளோ இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். கடைக்காரர் திட்டினால் என் பெயரைச் சொல்லாதீர்கள்.