நிக்கோடெமஸ்: பட்டாவிலிருந்து தொடங்கும் வம்சாவளி

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் மேற்கே போய்க் குடியேறியவர்கள் என்றதும் தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரையில் வரும் வெள்ளைக்காரர்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவார். நான் இன்று பேசப்போவது வேறு ஆட்களைப் பற்றி. கான்சாஸ் மாநிலத்தின் வடமேற்கில், சாலமன் ஆற்றுக்கு அருகே நிக்கோடெமஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1877-ல் அதை உருவாக்கியவர்கள் கென்டக்கியிலிருந்து வந்த கறுப்பின மக்கள். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை அவர்களில் பெரும்பாலோர் அடிமைகள்.

அந்த ஆண்டு செப்டம்பரில் ஏறக்குறைய முந்நூறு பேர் எல்லிஸ் என்ற ஊரில் ரயிலிலிருந்து இறங்கினார்கள். அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நடை. வளமான பூமி என்று விளம்பரத் தாள்கள் ஆசை காட்டியிருந்தன. போய்ப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் புல்வெளி. அப்படியே திரும்பிப் போனவர்களும் உண்டு. அடுத்த வசந்தத்தில் வந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண், ஊர் எங்கே என்று கணவரிடம் கேட்டார். தரையிலிருந்து கிளம்பும் புகையைக் காட்டி, அதுதான் ஊர் என்றார் கணவர். அந்த அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது.

புகை வந்தது மண்ணுக்குள் குடைந்த வீடுகளிலிருந்து. வீடு கட்ட மரம் கிடையாது. மேட்டின் சரிவை மண்வெட்டியால் குடைந்து, மேலே கம்புகளையும் செத்தைகளையும் பரப்பி, அதன்மேல் புல்லோடு பெயர்த்த மண்கட்டிகளை அடுக்குவார்கள். விறகும் இல்லை, காய்ந்த சூரியகாந்தித் தண்டுகளை எரித்தார்கள். வந்த சில வாரங்களிலேயே, அக்டோபரில், எம்மா வில்லியம்ஸுக்கு ஹென்றி என்ற பிள்ளை பிறந்தது. ஊரின் முதல் குழந்தை அது. அந்தக் குளிர்காலத்தில், வேட்டை முடிந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் இறைச்சி பகிர்ந்ததால்தான் பிழைத்தோம் என்று ஊர்க் குடும்பங்கள் இன்றும் சொல்கின்றன. இந்தப் புல்வெளியே பழங்குடிகளை அகற்றிவிட்டுக் குடியேற்றத்துக்குத் திறந்துவிடப்பட்ட நிலம் என்பதை இங்கே சேர்த்துச் சொல்லாமல் போவது நியாயமில்லை.

சரி, இவர்களின் வம்சாவளியை எங்கிருந்து பிடிப்பது? நான் பட்டாவிலிருந்து தொடங்கச் சொல்வேன். 1862-ல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டப்படி ஒருவர் 160 ஏக்கர் வரை கேட்கலாம். ஐந்து ஆண்டு அங்கேயே குடியிருந்து பயிர் செய்ததை நிரூபித்தால் நிலம் சொந்தமாகும். நிரூபிக்கும் நாளில் அச்சடித்த கேள்வித்தாள் ஒன்று இருக்கும். எப்போது வந்தாய், வீட்டின் நீள அகலம் என்ன, குடும்பத்தில் எத்தனை பேர், எத்தனை ஏக்கர் உழுதாய், இடையில் எங்கே போயிருந்தாய் என்று அது கேட்கும். இரண்டு சாட்சிகளும் அதே போலப் பதில் சொல்ல வேண்டும். சாட்சிகள் பெரும்பாலும் பக்கத்து நிலத்துக்காரர்கள். பல நேரம் மைத்துனரோ, கென்டக்கியில் கூட இருந்தவரோ. எழுதத் தெரியாதவர் பெயர் நடுவே ஒரு குறி போட்டிருப்பார். இன்னொருவரின் சொத்துக் கணக்கில் பெயரில்லாமல் கிடந்த மனிதர், தானே சொத்துக்காரராகி வைத்த குறி அது. வம்சாவளி ஆய்வில் இதைவிட எனக்குப் பிடித்த காகிதம் வேறு இல்லை.

ஊர் வேகமாக வளர்ந்தது. இங்கே குடியேறிய எட்வர்ட் மெக்கேப் 1882-ல் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் 1888-ல் ரயில் பாதை ஊருக்குள் வராமல் ஆற்றின் தென்புறமாகப் போய்விட்டது. கடைக்காரர்கள் பாதையோரம் முளைத்த போக் என்ற ஊருக்குக் கிளம்பினார்கள், சிலர் கடைக் கட்டடத்தையே பெயர்த்துக்கொண்டு. விவசாயக் குடும்பங்கள் நிலத்தை விடவில்லை.

இதே காலத்தைத் தேடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 1890-ன் தேசிய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி 1921-ல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தால் அழிந்தது. நல்லவேளையாக கான்சாஸ் 1885-லும் 1895-லும் தானே கணக்கெடுத்தது. எந்த மாநிலத்திலிருந்து கான்சாஸுக்கு வந்தார்கள் என்றுகூட அதில் ஒரு பத்தி இருக்கிறது.

கென்டக்கிக்குத் திரும்பிப் போனால் ஒரு பெரிய சுவர் குறுக்கே நிற்கும். 1870 கணக்கெடுப்பில்தான் விடுதலை பெற்றவர்கள் அனைவரும் முதல்முறையாகப் பெயரோடு வருகிறார்கள். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உரிமையாளர் பெயரின் கீழே வயது, பால், நிறம் மட்டும்தான். 'பெண், 30, கறுப்பு' என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு யாருடைய பாட்டி என்று சொல்வது? அப்புறம் வேறு வழியில்லை, உரிமையாளரின் குடும்பத்தைத்தான் தேட வேண்டும். அவர் எழுதிய உயில், இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியல், கடன் பத்திரம் இவற்றில் மாடு, கலப்பைக்கு நடுவே மனிதர்களின் பெயர் வரும். படிக்கும்போது நெஞ்சு கனக்கும். ஆனாலும் படித்தாக வேண்டும். நிக்கோடெமஸ் குடும்பங்கள் சில, அமெரிக்கத் துணை ஜனாதிபதியாக இருந்த ரிச்சர்ட் ஜான்சனின் கென்டக்கித் தோட்டம்வரை தங்கள் வேரைக் கொண்டுபோகின்றன.

அடிமை முறைக்கு முடிவு கட்டிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் சேர்ந்த கறுப்புச் சிப்பாய்களின் ஓய்வூதியக் கோப்புகளையும் விடாதீர்கள். அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்றதில்லை. அதனால் விதவை ஓய்வூதியம் கேட்டால், கல்யாணத்தைப் பார்த்தவர்கள் வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும். விடுதலை பெற்றவர்களுக்காகத் தொடங்கிய பிரீட்மன்ஸ் சேமிப்பு வங்கிக்கு கென்டக்கியின் லெக்சிங்டன் நகரில் இருந்த கிளையின் பதிவேடும் அப்படியே. கணக்குத் தொடங்குபவரின் அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை பெயர்களை எழுத அதில் இடம் இருந்தது. வங்கி 1874-ல் மூடப்பட்டு எளியவர்களின் பணம் போனது. பெயர்கள் மிஞ்சின.

நம் ஆட்களுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறை ஒழிந்த பிறகு, அந்தத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்றுதான் தமிழர்களை மொரீஷியஸுக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிப் போனார்கள். அந்தப் பதிவேடுகளில் தகப்பன் பெயரும் சொந்த ஊரும் இருக்கும். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே மாதிரிதான் தேடுகிறார்கள்.

நிக்கோடெமஸ் மக்கள் விடுதலை விழாவாகக் கொண்டாடத் தொடங்கியதும் ஆகஸ்ட் 1-ஐத்தான், அதாவது மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை ஒழிப்பு நடைமுறைக்கு வந்த நாளை. இப்போது அது ஜூலைக் கடைசி வாரக் கூடுகையாகிவிட்டது. ஊரில் நிரந்தரமாக இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள்தான். 1996-ல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டு, பழைய பள்ளி, இரண்டு தேவாலயங்கள், செயின்ட் பிரான்சிஸ் ஹோட்டல், டவுன்ஷிப் ஹால் என்ற ஊர்ப் பொது மண்டபம் என ஐந்து கட்டடங்கள் அங்கே நிற்கின்றன. விழா நாட்களில் டென்வர், டொபீகா, கலிபோர்னியா என்று பல இடங்களிலிருந்து வாரிசுகள் வந்து சேர்கிறார்கள். முதலில் வந்தவர்களின் வழி வந்தவர்கள் நாங்கள் என்று சொல்லிக்கொண்டு, பிள்ளைகளையும் கூடவே அழைத்து வருகிறார்கள்.