எடை எந்தச் சக்கரத்தின் மேல்?

(ஹட்டனில் மோட்டார் தொழில்நுட்பம் பயிலும் மாணவர்கள் முன் பேசியதன் எழுத்து வடிவம்)

தம்பி தங்கைகளே, வந்திருக்கும் பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பழைய ரேலி கார்களைப் பற்றி, அதாவது சாதாரணப் பாதைகளில் நேரத்தோடு போட்டி போட்டு ஓடும் பந்தயக் கார்களைப் பற்றி, பேசச் சொன்னார்கள். ரேலி கார் என்றதும் "எத்தனை குதிரைத்திறன்?" என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். நீங்கள் அதற்கு முன்னால் இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. காரின் எடை எந்தச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது? எஞ்சினின் சக்தி எந்தச் சக்கரத்துக்குப் போகிறது?

மழை நாளில் இறம்பொடை வளைவுகளில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதைப் புத்தகம் சொல்லித் தரத் தேவையில்லை. ஈரமான ஏற்றத்தில் மிதித்தால் சக்கரம் வீணாகச் சுற்றும் வண்டியும் உண்டு. சத்தம் போடாமல் ஏறிப் போகும் வண்டியும் உண்டு. அந்த இரண்டாவது வண்டியின் எஞ்சின் சிறியதாகவே இருக்கலாம்.

மினியை எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959இல் வந்த கார். எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர்பெட்டியை எஞ்சினுக்கு அடியிலேயே அடக்கி, இரண்டும் ஒரே எண்ணெயில் ஓடும்படி செய்தார். சக்கரம் 10 அங்குலம்தான். சின்ன உடம்பில் நான்கு பேர் உட்கார இடம் வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடுகள் இவை, பந்தயத்துக்காக அல்ல. ஆனால் விளைவு என்ன? எஞ்சினும் கியர்பெட்டியும் முன்னால், காரை இழுக்கும் சக்கரங்களும் முன்னால். பனியிலும் சேற்றிலும், எடை அழுத்துகிற சக்கரமே காரை இழுத்துக்கொண்டு போகிறது.

பனி உறைந்த மலைப்பாதைகளில் நடக்கும் மொன்டே கார்லோ ரேலியை 1964இல் பேடி ஹொப்கேர்க் 1,071 சிசி மினி கூப்பர் எஸ்ஸில் வென்றார். அந்த வருடத்து விதிகள் சிறிய எஞ்சினுக்குச் சலுகை கொடுத்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1965இல் டிமோ மாக்கினன், 1967இல் ரௌனோ ஆல்டனன். இடையில் 1966இலும் மினிகள்தான் முதல் மூன்று இடங்களில் வந்தன. முகப்பு விளக்கு விதியைக் காட்டி அவற்றை நீக்கிவிட்டார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஓட்டுநரின் இடது கால். முன்சக்கரம் இழுக்கும் காருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வளைவில் வேகமாகப் போனால் திரும்பாமல் நேராகவே போகப் பார்க்கும். ஸ்கண்டிநேவிய ஓட்டுநர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். வலது காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுக்காமலே இடது காலால் பிரேக்கை அழுத்துவார்கள். முன்சக்கரங்களை எஞ்சின் தொடர்ந்து சுழற்றுவதால் அவை பூட்டிக்கொள்ளாது. எடை முன்னால் சாய்ந்து, பின்சக்கரங்கள் பிடி இழந்து வழுக்கும். கார் தன் வாலை வீசித் திரும்பிவிடும். புதிதாக ஒரு பாகமும் பூட்டவில்லை, ஒரு சதம் செலவில்லை. எடையை ஒரு நொடி இடம் மாற்றியதுதான் நடந்த எல்லாம். பொறியியல் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

சரி, பாதையே மோசமாக இருந்தால்? அதற்குக் கிழக்கு ஆபிரிக்காவின் சஃபாரி ரேலியைப் பாருங்கள். கென்யாவின் ஜோகிந்தர் சிங் 1965, 1974, 1976 என்று மூன்று முறை அதை வென்றார். பின்னிரண்டும் மிட்சுபிஷி லான்சர் 1600 ஜிஎஸ்ஆரில். 1974இல் அவருக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தது ஒரு போர்ஷே 911. லான்சரின் பின்பக்கத்தில் இருந்தது நம் தேயிலைக் கொழுந்து லொறியில் இருக்கிற அதே வகை அமைப்பு: ஒரே அச்சு, பட்டை ஸ்பிரிங். குழியில் விழுந்து எழுந்து போகத் தெரிந்த அமைப்பு. ஜோகிந்தர் காரின் உள்ளும் புறமும் அறிந்த மெக்கானிக்காகவும் இருந்தார். எந்தப் பாகம் எப்போது கைவிடும் என்று தெரிந்தவர் கையில் சின்ன எஞ்சினும் போதும்.

லான்சியா ஸ்ட்ராடோஸ் வேறு ரகம். ரேலிக்காகவே பிறந்த கார். ஃபெராரியின் 2.4 லீட்டர் வி6 எஞ்சினை இருக்கைக்குப் பின்னால் வைத்தார்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.18 மீட்டர்தான், கிட்டத்தட்ட மினி அளவு. எடை நடுவில் குவிந்திருப்பதால் சட்டென்று திரும்பும். 1974, 75, 76 என்று மூன்று உலகப் பட்டங்கள்.

அப்புறம் 1980இல் ஔடி குவாட்ரோ வந்தது. சக்தியை நான்கு சக்கரங்களுக்கும் அனுப்பியது. அதற்குப் பாரமான தனிப் பெட்டி வைக்காமல், கியர்பெட்டியின் தண்டைக் குழலாக்கி, அதற்குள்ளேயே இன்னொரு தண்டை ஓடவிட்டார்கள். அந்த வரைபடத்தைத் தேடிப் பார்த்துத் தாளில் வரைந்து பாருங்கள், ஒரு முழு மாலைப்பொழுதுக்கு வேலை இருக்கிறது. 1981இல் மிஷெல் மூட்டோன் இந்தக் காரில் சன்ரேமோ ரேலியை வென்றார். உலகப் போட்டியில் ஒரு ரேலியை வென்ற முதல் பெண் அவர். தங்கைகள் இந்தப் பெயரை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் குவாட்ரோவின் எஞ்சின் முன் அச்சுக்கும் முன்னால் தொங்கியது. மூக்குப் பாரம். 1983இல், எஞ்சினை நடுவில் வைத்து, பின்சக்கரத்தில் மட்டும் ஓடும் லான்சியா 037 தயாரிப்பாளர் பட்டத்தை 118க்கு 116 என்ற புள்ளிக் கணக்கில் ஔடியிடமிருந்து பறித்தது. எடை இருக்கும் இடம் அவ்வளவு முக்கியம். நான்கு சக்கர இழுவை கூட அதற்கு முழு ஈடு ஆகவில்லை.

சக்திக்குக் கட்டுப்பாடு குறைவாக இருந்த, குழு பி என்ற பந்தயப் பிரிவின் அந்தக் காலத்துக் கார்களைச் சிலர் தெய்வம்போல் கொண்டாடுகிறார்கள். என்னால் முடியவில்லை. 1986 மே 2ஆம் திகதி கோர்சிகாவில் ஹென்றி டொய்வொனனும் அவருடைய துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோவும் லான்சியா டெல்டா எஸ்4இல் எரிந்து இறந்தார்கள். அதோடு அந்தப் பிரிவையே நிறுத்தினார்கள். நிறுத்தியது சரி.

நம் உயரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர். அங்கே காற்று கொழும்பைவிட ஆறில் ஒரு பங்கு அளவுக்கு மெலிந்தது. கார்பரேட்டர் வைத்த பழைய எஞ்சின் அந்த அளவுக்குச் சக்தி இழக்கும், பெற்றோல் கலவையும் செறிவாகிவிடும். பெற்றோல் பாயும் துளையான ஜெட்டைச் சிறிதாக்க வேண்டியது அதனால்தான். டர்போ இருந்தால் காற்றை அழுத்தித் தள்ளி இழப்பில் பெரும்பகுதியை ஈடுசெய்துவிடும்.

ஏப்ரலில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டிக்குப் போகிறவர்கள் இங்கே இருப்பீர்கள். 1934இல் தொடங்கிய போட்டி அது. கூட்டம் வளைவுகளில்தான் நிற்கும். நீங்கள் சில ஓட்டங்களையாவது புறப்படும் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஏற்றத்தில் எடை பின்னால் சரியும். பனியில் வென்ற அதே மினிக்கு முன்சக்கரங்கள் அங்கே இலேசாகிச் சுழலும். பின்சக்கரத்தில் ஓடும் பழைய ஃபோர்ட் எஸ்கோர்ட் கார் அதே இடத்தில் தரையைப் பிடித்துக்கொண்டு கிளம்பும். முதல் வளைவில் இரண்டின் நிலையும் எப்படி மாறுகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள், அடுத்த முறை அதைப் பற்றிப் பேசுவோம். இப்போது உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.