கரண்ட் இல்ல, லிஃப்ட் இல்ல: பாட்டியை யார் கீழ இறக்குறது?

வணக்கம் மக்களே. கேமராவை மாடிப்படியிலயே வெச்சிருக்கேன், இன்னிக்கு விஷயமே இந்தப் படிதான். 2015 டிசம்பர்ல அடையாறு பொங்கினப்போ கீழ்த்தளத்துல இருந்தவங்க மேல ஏற வேண்டியிருந்துச்சு. 2023 மிக்ஜாம் புயல்ல தண்ணி வடியாத ஏரியாவுல, மாடியில இருந்தவங்க கீழ இறங்கிப் படகு ஏற வேண்டியிருந்துச்சு. ஜிம்ல பென்ச் பிரஸ் எத்தனை கிலோ போடுவீங்கன்னு அப்போ யாரும் கேக்க மாட்டாங்க. மூணு மாடி, நனைஞ்ச படி, நடக்க முடியாத ஒரு பெரியவங்க. உங்க உடம்பு தாங்குமா?

சோதிச்சுப் பாக்க வாட்டர் கேன் போதும். 20 லிட்டர் தண்ணி 20 கிலோ, கேனோட எடை தனி. கழுத்தைப் பிடிச்சுத் தோள்ல ஏத்தாதீங்க, இதோ இப்படி நெஞ்சோட அணைச்சுப் பிடிங்க. மூணு மாடி ஏறி, இறங்குங்க. ஏறும்போது மூச்சு வாங்குறது பெரிய விஷயமில்ல. இறங்கும்போது தொடை நடுங்குதான்னு கவனிங்க. இறங்குறப்போ தொடைத் தசை நீண்டுக்கிட்டே எடையைத் தாங்கணும், வண்டிக்கு பிரேக் மாதிரி. அந்த பிரேக்கை ஏறி ஏறிப் பழக்க முடியாது, இறங்கித்தான் பழக்கணும்.

அதுக்குக் கடைசிப் படியில நில்லுங்க. ஒரு காலை மெதுவா, மூணு எண்ணி, கீழ இறக்குங்க. குதிகால் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்போதே திரும்ப மேல. ஒரு காலுக்கு 8 தடவை, மூணு சுத்து, வாரத்துல மூணு நாள். முட்டி உள்பக்கமா சாஞ்சா படி உயரம் ஜாஸ்தின்னு அர்த்தம், தடிமனான பலகையில ஆரம்பிங்க. முதல் ரெண்டு நாள் தொடை பிடிச்சுக்கும், பயப்படாதீங்க. இதய நோய், முட்டிப் பிரச்சனை இருக்கவங்க டாக்டரைக் கேக்காம கேன் பக்கமே போக வேண்டாம்.

அடுத்து நாற்காலி. பாட்டியைத் தனியா முதுகுல தூக்கிட்டு இறங்குறது சினிமாவுக்கு சரி. வீட்டுல ரெண்டு பேர், ஒரு நாற்காலி. பிளாஸ்டிக் சேர் வேண்டாம், சாய்ச்சா கால் விரியும், வெடிக்கும். சக்கரம் வெச்ச சேரும் கூடாது. மரம், இல்லன்னா இரும்பு. நெஞ்சுக்குக் குறுக்க ஒரு வேட்டி, முட்டிக்கு மேல ஒரு துண்டு, முடிச்சு பின்பக்கம். பாட்டி முகம் கீழ்ப்பக்கம் பாக்கணும். ஒருத்தர் பின்னால நின்னு முதுகுச் சட்டத்தைப் பிடிச்சு, லேசா பின்னுக்குச் சாய்க்கணும். இன்னொருத்தர் கீழ்ப்படியில நின்னு முன்கால் ரெண்டையும் பிடிக்கணும். பின்னால இருக்கவர் மட்டும்தான் "ஒண்ணு, இறங்கு"ன்னு சொல்லணும். ரெண்டு பேரும் கத்தினா கால் மாறிடும்.

எங்க சொதப்பும்னா, பாட்டி பயத்துல கைப்பிடியை எட்டிப் பிடிச்சுடுவாங்க. சேர் போயிட்டே இருக்கும், கை அங்கயே நிக்கும், மூணு பேரும் சரிவோம். அதனால கையை நெஞ்சுல குறுக்கக் கட்டிக்கச் சொல்லிட்டுத்தான் தூக்கணும். ஒத்திகைக்கு 25 கிலோ அரிசி மூட்டையை உக்கார வைங்க. ஒவ்வொரு திருப்பத்துலயும் இறக்கி வெச்சு மூச்சு விடுங்க, பிடி வழுக்கின பிறகு நிறுத்தலாம்னு இருக்காதீங்க.

கீழ வந்தாச்சு, வாசல்ல தண்ணி. ஓட்டத்தோட வேகம் ரெண்டு மடங்கானா அது தள்ளுற விசை நாலு மடங்காகும். அதனால முட்டிக்குக் கீழதானேன்னு இறங்காதீங்க, வேகமா ஓடுற தண்ணின்னா மாடிக்கே திரும்புங்க. நிக்கிற தண்ணியில வேற வழியே இல்லாம நடக்கணும்னா, மாப் கம்பு ஒண்ணு எடுத்துக்குங்க. கம்பு முதல்ல, அப்புறம் கால். காலைத் தூக்கி வைக்காம தேய்ச்சு நகர்த்துங்க, திறந்த மேன்ஹோல் மேல இருந்து பாத்தா தெரியாது. செருப்பு கழண்டு போகும், லேஸ் கட்டின ஷூ போடுங்க. பாதம் கண்ணுக்குத் தெரியாம நிதானமா நிக்கறதுக்கும் பழக்கம் வேணும். சுவர் பக்கத்துல, ஒத்தக்கால்ல, கண்ணை மூடி 10 வினாடி நில்லுங்க. இப்பவே வீடியோவை நிறுத்திட்டு செஞ்சு பாருங்க, நிறைய பேருக்கு 5 வினாடியே சந்தேகம்தான்.

தண்ணி இழுத்துட்டா எழுந்து நிக்கப் பாக்காதீங்க, கால் எதுலயாவது சிக்கினா ஓட்டம் உங்களை அமுக்கிடும். மல்லாக்க மிதந்து, கால் தண்ணி போற திசையைப் பாத்து இருக்கணும், கால் விரல் நுனி தண்ணிக்கு மேல. நீச்சல்குளத்துல, பக்கத்துல ஆள் வெச்சுக்கிட்டு, ரெண்டு நிமிஷம் மல்லாக்க மிதக்கப் பழகுங்க.

கிணத்துல நீச்சல் பழக முதுகுல காலி கேன் கட்டி விடுவாங்கல்ல, அந்த மாதிரி காலி கேன் இங்கயும் மிதக்க உதவும். ஆனா இந்த வாட்டர் கேனைப் பாருங்க: வாயில இருக்கற மூடி ஒருதடவை பிச்சதும் இறுக்கமா உக்காராது. தண்ணி உள்ள போச்சுன்னா மிதக்காது. திருகு மூடி போட்ட எண்ணெய் கேனை எடுத்து வைங்க, மூடியைத் திருகிட்டு பக்கெட் தண்ணியில தலைகீழா அமுக்குங்க. குமிழி வந்தா அந்தக் கேன் வேண்டாம்.