காய்வதற்கு முன்னால் துடைத்துவிடுங்கள்

வணக்கம் நேயர்களே. கார் கழுவுவதைப் பற்றி வானொலியில் பேச என்னம்மா இருக்கிறது என்று என் மகளே கேட்டாள். இருக்கிறது. நான் 8 ஆண்டுகளாகத் தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறேன், சிங்கப்பூர் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, வண்டி கறுப்பு. கறுப்பு வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று இப்போதே புரிந்திருக்கும். கழுவி முடித்து, பளபளவென்று இருக்கிறதே என்று மேலே போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் பானெட் முழுக்க வெள்ளை வெள்ளையாக வட்டம் வட்டமாகப் புள்ளி. அழுக்கோடு இருந்தபோதே தேவலை போலிருக்கும்.

இந்தப் புள்ளி எங்கிருந்து வருகிறது என்பதை நான் கற்றுக்கொண்டது கோயம்புத்தூரில், அண்ணன் வீட்டில். அங்கே நிறைய வீடுகளில் இரண்டு தண்ணீர் இருக்கும். ஒன்று சிறுவாணித் தண்ணீர், அதை நல்ல தண்ணி என்பார்கள். இன்னொன்று ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர், அது உப்புத் தண்ணி. குடிக்க, சமைக்க எல்லாம் நல்ல தண்ணி, மற்ற வேலைக்கு உப்புத் தண்ணி. அண்ணன் காரை உப்புத் தண்ணியில்தான் கழுவுவார், கழுவிவிட்டு வெயிலில் காயவிடுவார். கண்ணாடி பார்ப்பதற்கு மாவு தெளித்தது மாதிரி இருக்கும். நான் போன முறை ஒரு சோதனை செய்து பார்த்தேன். பானெட்டின் பாதியை உப்புத் தண்ணியிலும் பாதியை நல்ல தண்ணியிலும் கழுவி, இரண்டையும் துடைக்காமல் வெயிலில் விட்டேன். உப்புத் தண்ணிப் பக்கம் தடிமனான வெள்ளை வட்டங்கள், எதிர்பார்த்ததுதான். ஆனால் சிறுவாணிப் பக்கத்திலும் புள்ளி இருந்தது! லேசாக, சாய்ந்து பார்த்தால் தெரிகிற மாதிரி. "என்ன கண்ணு, இவ்வளவு நல்ல தண்ணிக்கும் கறை வருதா?" என்று அண்ணன் கேட்டார். வரும், காயவிட்டால் எந்தக் குழாய்த் தண்ணீரும் கறை விடும்.

காரணம் ரொம்ப எளிது. தண்ணீர் ஆவியாகப் போய்விடும், அதில் கரைந்திருந்த சுண்ணாம்பும் மெக்னீசியமும் போகாது. அவை போக வழியில்லாமல் பெயின்ட் மேலேயே தங்கிவிடும். ஏன் வட்டமாக இருக்கிறது தெரியுமா? ஒரு துளி காயும்போது அதன் விளிம்புதான் முதலில் வேகமாகக் காயும், உள்ளே இருக்கும் தண்ணீர் விளிம்பை நோக்கி ஓடும், போகும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு போய் ஓரத்தில் இறக்கிவிடும். மேசையில் சிந்திய காப்பி காய்ந்தால் ஓரம் மட்டும் கருப்பாக இருக்கிறதே, அதே கதைதான். அண்ணன் வீட்டில் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பார்த்தபோது உப்புத் தண்ணி லிட்டருக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டியது. அப்படியென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்குள் ஒரு கிராம் உப்பு. துடைக்காத காரில் அரை லிட்டர் நின்று காய்ந்தாலே அரை கிராம் பொடியை நாமே தூவிவிட்டோம் என்று கணக்கு.

பொதுவாக லிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குள் சுண்ணாம்புக் கணக்கு இருந்தால் மென்னீர் என்பார்கள், 180ஐத் தாண்டினால் மிகவும் கடினநீர். நம் சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீர் ஊர்க் கிணற்றுத் தண்ணீரோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மென்மை. ஆனாலும் இங்கே வெயிலில் காயவிட்டால் கறுப்பு வண்டி காட்டிக்கொடுத்துவிடும். ஊரிலிருந்து பேசும் சொந்தக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், முறை ஒன்றேதான், அவர்கள் கொஞ்சம் வேகமாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

நேரம்தான் முதல் விஷயம். இங்கே ஆண்டு முழுக்க 7 மணி வாக்கில்தான் சூரியன் உதிக்கிறது, நான் ஐந்தரைக்கே இறங்கிவிடுவேன். நாம் புழுக்கம் புழுக்கம் என்று அலுத்துக்கொள்கிற அந்த விடிகாலை ஈரக்காற்றுதான் கார் கழுவ வருகிறவருக்குத் துணை, துளி சீக்கிரம் காயாது, துடைக்க நேரம் கிடைக்கும். வண்டி ஓட்டிவிட்டு வந்த சூட்டோடு மட்டும் கழுவாதீர்கள். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், சுட்டால் காத்திருங்கள்.

எங்கள் கார்ப்பார்க்கில் எனக்குக் குழாய் வசதி கிடையாது, வாளியோடு லிஃப்ட்டில்தான் இறங்குகிறேன். அதனால் அலசத் தேவையில்லாத ஷாம்பு ஒரு மூடி, ஒரு வாளித் தண்ணீர், ஏழெட்டு மைக்ரோஃபைபர் துணி. முழுக் காரையும் நனைத்துவிட்டு அப்புறம் துடைக்கலாம் என்று நினைக்கவே கூடாது. கூரையில் பாதி, அதைத் துடைத்து முடி, பிறகு மறு பாதி. அடுத்து கண்ணாடி, பானெட், கதவு, கடைசியில்தான் கீழ்ப்பகுதியும் சக்கரமும். தரைவீட்டில் இருந்து ஹோஸ் வைத்துக் கழுவுகிறவர்களுக்கு ஒரு நல்ல உத்தி உண்டு. கடைசி அலசலில் ஹோஸ் முனையில் இருக்கும் ஸ்ப்ரேயைக் கழற்றிவிட்டு, கூரையிலிருந்து தண்ணீரை மெதுவாக, விரிப்பு மாதிரி ஓடவிடுங்கள். பீய்ச்சினால் ஆயிரம் துளியாக உடைந்து நிற்கும், ஓடவிட்டால் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு பெரும்பாலும் தானே இறங்கிவிடும். பாத்திரம் கழுவுகிற சோப்பு மட்டும் வேண்டாம், வேக்ஸை அரித்துவிடும்.

துடைப்பதில்தான் பாதிப் பேர் தோற்கிறோம். பழைய பனியன் போதாது. தண்ணீரை உறிஞ்சுகிற தடித்த மைக்ரோஃபைபர் துண்டு ஒன்று வாங்குங்கள், அதைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கி சேர்க்காதீர்கள், சேர்த்தால் அது உறிஞ்சுவதை விட்டுவிடும். துண்டை அழுத்தித் தேய்க்க வேண்டாம், விரித்துப் போட்டு மெல்ல இழுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஸ்ப்ரே வேக்ஸை ஒரு தடவை அடித்துவிட்டு இழுத்தால் துணி வழுக்கிக்கொண்டு போகும், உப்புத் துகள் கீறாது. பக்கக் கண்ணாடி, கதவுக் கைப்பிடி, பெட்ரோல் மூடி, பின்விளக்கு ஓரம், இவையெல்லாம் தண்ணீரை ஒளித்துவைத்துப் பத்து நிமிடம் கழித்து ஒழுகவிடும் இடங்கள். நான் பிளாக்கைச் சுற்றி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து அவற்றை மறுபடி துடைப்பேன்.

இப்போது என் செல்ல விஷயம், ஏர்கான் தண்ணீர். காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்து சொட்டுவதால் அதில் சுண்ணாம்பே இருக்காது, காய்ச்சி வடித்த தண்ணீர் மாதிரிதான். எங்கள் வீட்டில் ஓர் இரவில் ஒரு வாளி சேர்ந்துவிடும். தூசியும் பாசியும் கலந்திருக்கலாம் என்பதால் குடிக்கவோ பாட்டரிக்கு ஊற்றவோ வேண்டாம், துணியில் வடிகட்டிக் கடைசி அலசலுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் குழாய்த் தண்ணீரில் கழுவி, அது காய்வதற்கு முன்னால் இதை மேலே ஊற்றினால், முன்னால் இருந்த உப்பைத் தள்ளிக்கொண்டு போய்விடும். அண்ணனிடமும் இதையே சொன்னேன். அவர் மென்னீராக்கும் கருவி பொருத்தலாமா என்றார். அது சுண்ணாம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கும், உப்பு குறையாது. ஆனால் அந்தக் கறை ஈரத்துணிக்கே வந்துவிடும், சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்காது. எதுவுமே மிஞ்சக் கூடாதென்றால், கரைந்த உப்பையெல்லாம் எடுத்துவிட்ட அயனிநீக்கிய தண்ணீர்தான்.

ஏற்கெனவே கறை விழுந்துவிட்டதா? வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, நிழலில், துணியில் நனைத்துக் கறை மேல் ஒரு நிமிடம் வையுங்கள். சுண்ணாம்பு அமிலத்தில் கரைந்துவிடும், உடனே நன்றாக அலசிவிடுங்கள், ரப்பரிலும் வெறும் உலோகத்திலும் நிற்கவிடாதீர்கள். வினிகருக்கும் போகாத கறை பெரும்பாலும் பெயின்ட்டை அரித்துவிட்டது என்று அர்த்தம், அதற்குப் பாலிஷ்தான். எனக்கு அப்படி ஆகியிருக்கிறது. ஒரு நாள் மதியம் 12 மணி வெயிலில் கழுவிக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து போன், பேசி முடிக்கிறதற்குள் பானெட் காய்ந்துவிட்டது. அதன் மேல் வாரக்கணக்கில் வெயில் பட்டது. நாற்பது வட்டங்களில் வினிகரில் போனது முப்பது, மீதிக்குப் பாலிஷ் போட வேண்டியதாயிற்று. சிஓஇ என்கிற வாகன உரிமைச் சான்றிதழுக்கும் பணம் கட்டி வண்டி வாங்குகிற நாட்டில், பத்து வருடம் வைத்திருக்கப்போகிற வண்டியின் பெயின்ட்டை ஒரு போன் பேச்சுக்குக் கொடுத்தது இன்னும் மனசில் நிற்கிறது.

வாளியில் மிச்சமிருக்கும் சோப்புத் தண்ணீரை மழைநீர்க் கால்வாயில் கொட்டாதீர்கள். இந்தத் தீவின் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு மழைநீர் சேமிப்புப் பகுதி. லிட்டில் இந்தியாவில் தேக்காவை ஒட்டி ஓடும் ரோச்சோர் கால்வாய் கடைசியில் மரினா நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது, அங்கிருந்தும் நம் குழாய்க்குத் தண்ணீர் வருகிறது. வாளியை மேலே கொண்டுபோய்க் கழிவறையில் ஊற்றுங்கள், இரண்டு நிமிட வேலை.

கழுவினதும் மழை வந்துவிட்டால் என்று நிறையப் பேர் கேட்பார்கள். மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை, ஆனால் காற்றிலும் கார் மேலும் இருக்கும் தூசியை அது கரைத்துக்கொள்ளும், பின்னாலேயே வெயில் அடித்தால் அதுவும் புள்ளிதான். மழை விட்டதும் அந்தப் பெரிய துண்டால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு இழுத்துவிடுங்கள். ஏற்கெனவே காய்ந்துவிட்டதென்றால் வறண்ட துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும், முதலில் நனைத்துவிட்டுத் துடையுங்கள். நன்றி, வணக்கம்.